கேட்டில் தொங்கும் திரை

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் மர்மச் சிறுகதைகள் எழுதுவேன். முதன்முதலாக ஒரு வார இதழில் என் கதை வந்தபோது, பூரித்துப்போய் கம்பெனி முழுக்கக் காட்டினேன்.

கதை இதுதான். ஒரு பனியன் கம்பெனியில் டி-ஷர்ட்டுகள் காணாமல் போகின்றன. கேட்டில் எல்லோர் பையையும் துழாவியும் எதுவும் சிக்கவில்லை. கடைசியில் பார்த்தால், செக்கிங் பெண் ஒருத்தி அவற்றைச் சுடிதாருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

எங்கள் முதலாளியும் வாங்கிப் படித்தார். "நல்லா யோசிச்சிருக்கற கண்ணு, எனக்கே தோணலையே!" என்றார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் கேட்டருகே ஒரு திரை தொங்கியது. வேலை முடிந்து கிளம்பும் பெண்களை ஒவ்வொருவராக அதற்குள் கூப்பிட்டு, உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு துண்டுத் துணிகூடத் திருடு போனதில்லை.

"அது சும்மா கற்பனைங்க" என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

"இருக்கட்டும் கண்ணு, ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று போய்விட்டார்.

பக்கத்து டேபிள் செல்வி திருநெல்வேலிக்காரி. தினமும் என்னோடுதான் சாப்பிடுவாள். "திருடின்னு எழுத நாங்கதான் கெடைச்சோமா, ஏட்டி?" என்று கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்தத் திரையைக் கழற்ற என்னால் முடியவில்லை. கதையைத்தான் மாற்ற முடிந்தது. இப்போது என் கதைகளில் திருடுவது எப்போதும் முதலாளிதான். இரண்டு கதைகள் அச்சில் வந்துவிட்டன. எங்கள் முதலாளி இரண்டையும் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் காரை இன்றுவரை கேட்டில் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.