அப்பா வெட்டிய கானும் அம்மா வெட்டிய குழியும்

கண்டியில் என் அறைக்கு வருகிறவர்கள் புத்தக அலுமாரியை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் சாத்தியிருக்கும் மண்வெட்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள். "டீச்சர் வீட்டுல இது எதுக்கு?" என்று சிரிப்பார்கள். நான் அதை ஒளித்து வைப்பதில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டியவர் என் அப்பா. அவருடைய மண்வெட்டி அது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குடிக்காத வீடு இருந்ததாக நினைவில்லை. நனைந்த உடம்புக்குச் சூடு வேண்டும் என்று தொடங்குவார்கள். பிள்ளை பிறந்தாலும் சாராயம், ஆள் செத்தாலும் சாராயம். பல் முளைக்கும் குழந்தை அழுதால் ஈறில் அதையே தொட்டுத் தடவுவார்கள். அப்பா ஒரு மழை நாளில் தவறணையில் குடித்துவிட்டுக் குறுக்குப் பாதையால் வந்தவர், தாமே வெட்டிய கானில் குப்புற விழுந்து செத்துக் கிடந்தார். அதில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர்.

குழி வெட்டுகிறவர்களுக்குச் செத்த வீட்டார் சாராயம் கொடுப்பது தோட்டத்து வழக்கம். அது வராமல் மண்ணில் மண்வெட்டி விழாது. வாசலில் வந்து நின்றவர்களிடம், "இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு சொட்டு வராது" என்றாள் அம்மா.

"எங்களுக்கா கேக்குறோம் அக்கா? அண்ணனுக்காகத்தானே" என்றார் ஒருவர்.

"அவரு குடிச்சது போதாதுன்னு, அவருக்காக நீங்க வேற குடிக்கணுமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஆண்கள் முறைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொழுது சாயத் தொடங்கியும் அப்பா பாயிலேயே கிடந்தார். ஈ மொய்த்தது. அம்மா மூலையில் இருந்த அப்பாவின் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இடுகாட்டு மேட்டுக்கு ஏறினாள். பெண்கள் அந்தப் பக்கமே போகாத சனம் நாங்கள். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி குடையோடு ஓடிவந்தார்.

"ஏ புள்ள, பொம்பள குழி வெட்டுனா தோட்டத்துக்கே ஆகாது!"

அம்மா நிமிரவில்லை. "பொம்பள தாலி அறுத்தா மட்டும் ஆகுமாக்கும், கங்காணி ஐயா?"

லயத்தில் பக்கத்துக் காம்பரா அறைகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக மேடேறி வந்தார்கள். பள்ளிக்கூடப் பாவாடையோடு நானும் மண் அள்ளினேன். குழி இடுப்பளவு ஆன பிறகு, அந்த ஆண்களே அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டச் சனம் குடித்துத்தான் தீரும் என்று இந்தக் கண்டிப் பெரிய மனிதர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும். வேண்டாம் என்று சொல்வதற்கு என் அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தேவைப்படவில்லை.

போன மாதம் அதே லயத்துப் பெண் ஒருத்தி அழுத முகத்தோடு பஸ் ஏறி வந்தாள். அவள் புருஷனையும் குடிதான் கொண்டுபோயிருந்தது. "அந்த மம்பட்டியக் குடுங்க டீச்சரம்மா. வாசல்ல சாத்தி வச்சாப் போதும்" என்றாள். நானும் கூடப் போனேன். சாராயம் கேட்க வந்தவர்கள் வாசலில் அதைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாராயம் கேட்காமலே தங்கள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு மேடேறினார்கள்.

அம்மாவின் மண்வெட்டி மண் ஒட்டாமலே திரும்பி வந்தது. அரத்தால் ஒரு தரம் தீட்டி, அலுமாரிப் பக்கத்தில் அதே இடத்தில் சாத்தி வைத்திருக்கிறேன்.