ஆடித் தள்ளுபடியில் எடுத்த கோடி

எனக்கு வந்தது சூடு என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். கீழப்பழுவூர் வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவனுக்குச் சூடு வராமல் வேறென்ன வரும்? மூத்திரம் போக நின்றால் நின்றுகொண்டே இருப்பேன், வராது. வந்தால் எரியும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். இளநீர்க்காரன் என்னால் மாடி வீடு கட்டியிருப்பான். எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் பெயர் ஒன்றுதான், சூடு. அதற்கு டாக்டரிடம் போகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் மூத்திரம் அடியோடு நின்று, அடிவயிறு கல்லாகி, திருச்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. குழாய் செருகி வடித்துவிட்டு, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, எலும்புக்கு இன்னும் போகவில்லை என்றார் டாக்டர். அது 1996. எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

“ரெண்டு விதையையும் எடுத்துட்டா அந்த நோய்க்குத் தீனி நின்னுடும். அடங்கிக் கெடக்கும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்தாள். டாக்டருக்கு என் உத்தியோகம் தெரியாது. நான் அரசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். ஊசி போடுவது மாட்டு டாக்டர். காளைக் கன்றுகளைச் சாய்த்து, இடுக்கியால் விதையை நசுக்கிக் காயடிப்பது நான். பழுவூரைச் சுற்றி என் கைபடாத வண்டிமாடு குறைவு. இப்போது என்னைச் சாய்க்கப் போகிறார்கள்.

“எடுத்துடுங்க சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே பயம் குடைந்தது. என் பயம் சாவைப் பற்றியல்ல. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்பதைப் பற்றி.

விதைகளை எடுத்துவிட்டு வீடு திரும்பியதும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வந்து குவிந்தன. வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் விசாரித்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிறவனுக்கே துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். எரிச்சலில் ஹார்லிக்ஸ் பாட்டில்களை எல்லாம் மருந்தகத்துக்கு எடுத்துப் போய், எல்லோருக்கும் கலக்கிக் கொடுத்தேன்.

குரும்பலூரிலிருந்து என் மனைவியின் அண்ணனும் வந்தார். வெங்காய வியாபாரி. எதிலும் முன்யோசனைக்காரர், மழை வருமுன்பே குடையை விரித்து வைத்திருப்பார். கெட்டவர் அல்ல. நாக்குக்கு மட்டும் எலும்பில்லை.

“எத்தனை வாயில்லா ஜீவன் சாபமோ மாப்ள” என்றார்.

“சாபம்னா இடுக்கியைக் குடுத்த கவர்மெண்டுக்குல்ல மச்சான் வந்திருக்கணும்?” என்றேன். அதன்பிறகு அவர் வெங்காய விலையைப் பற்றித்தான் பேசினார்.

அறுவை முடிந்து மறு மாதமே சைக்கிளை எடுத்தேன். இந்த மாதிரிச் சேதி அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். கடைத்தெரு டீக்கடையில் ஒருவன், வாய்க்கொழுப்பெடுத்தவன், பத்துப் பேருக்கு நடுவில் கேட்டான்.

“என்னண்ணே, காளை வண்டிமாடு ஆயிட்டுதாமே?”

நான் டீயை ஆற அமரக் குடித்து முடித்தேன். “ஆமாண்டா. உங்கப்பன் நெலத்தை உழுதது எது? உங்கம்மாவைக் கல்யாணம் பண்ணி இந்த ஊருக்குக் கூட்டியாந்த வண்டியை இழுத்தது எது? காயடிச்ச மாடுதான்டா பாரம் இழுக்கும். காளை பசுவுக்குப் பொலி போட்டுட்டு ஊரை மேஞ்சுக்கிட்டுத் திரியும், உன்ன மாதிரி.”

முதலில் சிரித்தவர் கடைக்காரர்தான். அன்றைக்கு என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் யாரும் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை.

உடம்பு வேறு விதமாக வம்பு பண்ணியது. திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகமெல்லாம் வேர்க்கும். வீட்டுவிலக்கு நிற்கிற வயதில் என் மனைவிக்கும் அதே தொல்லை அப்போது. ஒரே விசிறிக்கு இரண்டு பேரும் சண்டை போடுவோம். “எனக்காவது வயசாச்சு, உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று அவள் சிரிப்பாள். படுக்கையில் எங்களுக்குள் முடிந்துபோனது முடிந்ததுதான். அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. நான் தனியே அழுதிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன், அழுததில் என்ன கேவலம் இருக்கிறது?

இரண்டாம் வருஷம் ஆவணியில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். அங்கே துண்டு எடுக்க அவள் அண்ணனின் பீரோவைத் திறந்தபோது, துணிகளுக்கு அடியில் பிரிக்காத ஒரு புதுப் புடவை. இளநீலம், ஒல்லிக் கரை, நல்ல நூல்.

“நல்லாருக்கே அண்ணி, எனக்குக் குடுங்களேன்” என்று அண்ணன் பெண்டாட்டியிடம் கேட்டிருக்கிறாள்.

அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. சூதுவாது தெரியாத பெண். “உனக்குன்னுதான் எடுத்தது. ஆனா இப்ப இல்ல” என்றிருக்கிறாள்.

என் மனைவிக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் புருஷன் செத்தால், பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வரும். அதற்குப் பெயர் கோடி. அண்ணன்தான் கொண்டுவந்து தங்கை மேல் போர்த்த வேண்டும். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது, ராத்திரியில் கடைக்கு எங்கே ஓடுவது என்று, முன்யோசனைக்காரர் ஆடித் தள்ளுபடியில் திருச்சியிலேயே எடுத்து வைத்துவிட்டார்.

அவள் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்லி முடித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே குரும்பலூருக்குப் போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அவள்தான் தடுத்தாள்.

“சண்டை வேணாம். அந்தப் பொடவை அங்கயே கெடந்து மக்கட்டும். நீங்க இருந்து காட்டுங்க, போதும்” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பீரோவுக்கும்தான் போட்டி. பீடியை விட்டேன். மாத்திரை தவறவில்லை. திருச்சிக்குப் போகச் சொன்ன நாளில் போனேன். பரிசோதனைக்கு ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். நல்லபடி வந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். மச்சான் வீட்டு விசேஷம் ஒன்றையும் விடவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையை வழித்துச் சாப்பிட்டு, “பாயசம் இன்னொரு கரண்டி” என்று அவரையே கூப்பிட்டுப் போடச் சொல்வேன். ஓய்வு பெறும் நாள்வரை கன்றுகளையும் காயடித்தேன். இடுக்கியை அழுத்துமுன் கழுத்தை ஒருதரம் தடவிக்கொடுக்கும் பழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது.

2003இல் எனக்கு அறுபது முடிந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் சந்நிதியில் மாலை மாற்றி மறுபடி தாலி கட்டுவதென்று பிள்ளைகள் ஏற்பாடு செய்தார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புடவைதான். மச்சான் அதைப் பற்றிப் பேச வீட்டுக்கு வந்தபோது, “தங்கச்சிக்கு நல்ல பட்டா எடுத்துடறேன்” என்றார்.

“புதுசு வேணாண்ணே. பீரோல இளநீலம் ஒண்ணு கெடக்குமே, அதையே கொண்டாங்க” என்றாள் என் மனைவி.

மச்சான் தலை கவிழ்ந்தது. “அது வேணாம்மா, ஆகாது” என்றார்.

“எனக்குன்னு எடுத்ததுதானே? இப்பக் குடுங்க.”

தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. என் சாவுக்கு வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு அவள் சந்நிதியில் வந்து நின்றாள். நான் தாலி கட்டினேன். மச்சான் அட்சதை போட வந்தார். “நல்ல துணி மச்சான், நூலு கொஞ்சங்கூட இத்துப்போவல” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

இது 2007. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தப் புடவையை விசேஷத்துக்கும் கட்டினாள், வயலுக்கும் கட்டினாள். போன மாதம் முந்தானை கிழிந்தது. இனித் தாங்காது என்று அவளே துண்டு துண்டாகக் கிழித்து, சோற்றுப்பானை இறக்க ஒன்று, அடுப்படி துடைக்க ஒன்று என்று பிரித்தாள். மிச்சத்தை என்னிடம் போட்டாள்.

இன்று காலை அதில்தான் சைக்கிளைத் துடைத்தேன். அரியலூர் வரை ஒரு வேலை இருக்கிறது, மிதித்துப் போய்விட்டு வர வேண்டும்.