இடிக்க வந்தவர் ஏறிய மாடி

பழைய கட்டடங்களை இடிப்பதில் சவுரிராயனை மிஞ்ச அரகண்டநல்லூர் கடைத்தெருவில் ஆள் கிடையாது. கடப்பாரையால் சுவரில் நாலு தட்டு தட்டி, வரும் சத்தத்தை வைத்தே அதற்கு ஆயுசு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பியது. பாவம், அவரும் நம்பினார்.

கார்த்திகை மழைக்கு முந்தின வாரம் அப்பாதுரை வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியைத் தட்டிப் பார்த்தார். நூறு வருஷத்துக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம். தெருவிலிருந்து ஆறு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

"உள்ள ஒண்ணுமில்லீங்க, எல்லாம் பொக்கை. இன்னொரு மழைக்குத் தாங்காது."

"அப்ப ஜல்தியா முடிச்சிடு," என்றார் அப்பாதுரை.

இடிப்பு வேலையில் முதலில் கழற்றுவது கதவையும் ஜன்னலையும்தான். முன்வாசல், பின்வாசல் கதவுகள் இரண்டையும் கழற்றி வண்டியில் அனுப்பிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் விடியும்போது தென்பெண்ணை ஆறு கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிரபாவதியையும், பிறந்து இருபத்தெட்டு நாளான குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓடினார் சவுரிராயன். கண்ணில் பட்ட ஒரே மாடி அந்த மண்டிதான். தாங்காது என்று தன் வாயால் சொன்ன சுவரை நம்பிப் பெற்ற மகளை மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். முன்வாசலில் புகுந்த வெள்ளம், கதவில்லாத பின்வாசல் வழியாகச் சீறிக்கொண்டு போனது. பெரிய மரம் ஒன்று வந்து கீழே மோதியது. சுவர் அசையவில்லை.

"இன்னாப்பா, சுவத்தப் புடிச்சிக்கினே நிக்கிற? நீ புடிச்சாத்தான் அது நிக்குமா?" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று தன் காதில் விழுந்தது சுவரை விட்டுப் பெயர்ந்த பூச்சின் சத்தம் மட்டும்தான், சுவரின் சத்தம் இல்லை என்று இப்போது புரிந்தது. இந்தக் கல்லை வைத்த கொத்தனார் யாரோ, எவரோ! அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முப்பது வருஷமாகக் கட்டடங்களுக்குள் புழங்கியவர், ஒரு கட்டடத்தைப் பார்த்து வாயடைத்துப்போனது அன்றுதான்.

மத்தியானம் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பூக்கடை கோவிந்தம்மாளைக் கயிறு கட்டி மீட்டு மேலே கொண்டுவந்தார்கள். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏம்மா, இங்க வராம அங்க ஏன் போன?" என்று கேட்டார் சவுரிராயன்.

"ஜவுளிக்கடை மாடிக்குத்தாம்பா ஓடுனேன். சின்ன வயசுலேர்ந்து தண்ணி வந்தா அங்கதான ஏறுவோம்? பதட்டத்துல காலு அங்கயே போயிடுச்சி. போய்ப் பாத்தா படியே இல்ல!"

அந்தக் கடையை இடித்து நாலு வருஷமாகிறது. இப்போது அங்கே தெரு மட்டத்தில் ஒரு செல்போன் கடை. சவுரிராயன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அவர் கையால் போன கட்டடங்கள் இந்த ஒரு தெருவில் மட்டும் ஒன்பது. ஒன்பதிலும் மாடி இருந்தது.

"அந்தப் படிய நான்தாம்மா ஒடச்சேன்," என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.