எட்டு நாள் வந்தவர்

தண்டையார்பேட்டையில் மாடியில் இயங்கும் ஒரு ஜிம்மில் ஆறு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சேருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது, போட்டோ எடுப்பது, விரல் ரேகை பதிவது எல்லாம் நான்தான். எந்த மாதம் யார் வருவார்கள் என்பது காலண்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஜனவரி முதல் வாரம் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். பொங்கல் முடிந்தால் பாதிப் பேரைக் காணோம். மாசியில், ஓட்டப் பயிற்சி மெஷின்களைத் துடைத்து வைப்பது மட்டும்தான் வேலை. பிறகு கடலில் மீன்பிடித் தடை தொடங்கியதும் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் வருவார்கள். வலை இழுத்துப் பழகிய கை, இரண்டு மாதம் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம். தடை முடிந்த மறுநாள் அவர்களும் கடலுக்குப் போய்விடுவார்கள். ஆடியில், ஆவணி முகூர்த்தத்துக்கு இளைக்க வேண்டிய கல்யாணப் பெண்கள்.

வராமல் போனவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. "ஜனவரியில சேர்ந்தவங்க எல்லாம் ஒரே நாள்ல வந்தா நிக்க எடம் இருக்காது. போன் பண்ணி எழுப்பாதீங்க" என்பார் முதலாளி. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன வருடம் தடைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஆறரை மணி இருக்கும். நாற்பது வயதையொட்டிய ஒரு பெண் கையில் லட்டு டப்பாவோடு படியேறி வந்தார். காசிமேட்டில் மீன் விற்கிறவர் என்று அவரே சொன்னார்.

"எக்கா, மீனு வர்ற நாள்ல நான் மூணு மணிக்கே கெளம்பிடுவேன். இப்ப சும்மா தான கீறேன், நானும் சேரலாம்னு வந்தேன். எங்க வூட்டுக்காரு இங்கதான் வர்றாரு. அவருக்குத் தெரியாது, தெகைக்கட்டும்" என்று சிரித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க, ஆளக் காணோம்?"

பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினேன். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஜனவரியில் சேர்ந்திருக்கிறார். வந்தது மொத்தம் எட்டு நாள். கடைசியாக வந்தது பொங்கலுக்கு முந்தின வாரம்.

இப்படிப் பொய் சொல்கிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு எங்கோ போகிறார், அது அவர்கள் வீட்டு விவகாரம், நாம் ஏன் போட்டு உடைக்க வேண்டும் என்று தோன்றியது. "கெளம்பிட்டாரோ என்னவோ" என்று மழுப்பிவிட்டு அந்தப் பெண்ணுக்கான படிவத்தை எடுத்தேன்.

அவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "எம்மாம் எளச்சிட்டாரு தெரியுமா? பேண்ட்டு இடுப்புல நிக்க மாட்டேங்குது. அல்லாரும் கேக்கறாங்க, எந்த ஜிம்முன்னு. அதான் லட்டு வாங்கியாந்தேன். தண்ணி வேற பாட்டில் பாட்டிலா குடிக்கிறாரு, நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே. வேலைக்குப் போய் வந்தா அடிச்சுப் போட்டா மாதிரி தூங்கறாரு. ஷூ கடிச்ச புண்ணு ஒண்ணு, ஒரு மாசமா ஆறவே இல்ல. அப்பவும் ஒரு நாள் லீவு போடல பாரு!"

என் பேனா நின்றது. என் கணவருக்கும் சர்க்கரை உண்டு. தாகம், அசதி, ஆறாத புண். ஒவ்வொன்றையும் நான் கூடவே இருந்து பார்த்தவள். எட்டே நாள் வந்தவர் எப்படி இளைத்தார்?

"வீட்ல சாப்பாட்டைக் குறைச்சாரா?" என்று கேட்டேன்.

"எங்க? முன்ன விட ஜாஸ்தி துன்றாரு. நீங்க மெசேஜ் அனுப்பறீங்களே, அத பாத்துப்பாத்து நான்தான் ஆக்கிப் போடறேன்" என்று போனை நீட்டினார். 'வாழ்த்துகள்! உங்கள் உழைப்பின் பலன் உடம்பில் தெரிகிறது. தொடருங்கள்!' வாரா வாரம் ஒன்றாக, ஜனவரியிலிருந்து. சேரும்போது கணவர் இவருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறார். அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான். வந்தவர், வராதவர் என்று பார்க்காமல் திங்கட்கிழமைதோறும் எல்லோருக்கும் அது தானாகப் போகும்.

எழுந்து அவர் பக்கத்தில் போய், "உங்க வீட்டுக்காரர் ஜனவரியில எட்டு நாள்தான் வந்தார். அப்புறம் வரவே இல்லை" என்றேன்.

"வெளையாடாதக்கா."

திரையைத் திருப்பிக் காட்டினேன். நின்றபடியே கணவருக்குப் போன் போட்டார்.

"எங்க கீற?"

"ஜிம்முலதான். மூச்சு வாங்குது, அப்பால பேசறேன்."

"நான் ஜிம்முலதான் நின்னுகினு கீறேன்."

எதிர்முனையில் கணவர் போனை வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் அவர் வந்தார். அவரைப் பார்த்தபோதுதான் உண்மையாகவே ஆடிப்போனேன். திரையில் நான் எடுத்த போட்டோ இருந்தது. உப்பிய கன்னம், சட்டைக்குள் அடங்காத கழுத்து. படியேறி வந்தவருக்குக் காலர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மேல்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மனைவி கேட்பதற்குள் அவராகவே சொன்னார். "எட்டாவது நாள் மெஷின்ல தலை சுத்தி குந்திட்டேன். சுத்தி நின்னு சிரிச்சானுங்க. நீ ஆசையா சேத்து வுட்ட, உன்கிட்ட எப்டி சொல்றது? ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய், டீக்கடையில குந்தி பேப்பர் பாத்துட்டு அப்படியே வேலைக்குப் போயிடுவேன். எளைக்க எளைக்க, நடக்கறதால தான்னு நெனச்சுகினேன். அல்லாரும் நல்லா கீறேன்னாங்க."

எதிரே இருபத்துநாலு மணி நேர மருந்துக்கடையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். "சர்க்கரையா இருக்கும்" என்று சொல்லி இரண்டு பேரையும் அங்கே கூட்டிப்போனேன். அந்தச் சின்னக் கருவியில் எண்ணே வரவில்லை. கருவி அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் வரும் 'ஹை' என்ற ஆங்கில வார்த்தையை மட்டும் காட்டியது. கடைக்காரர் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். மறுபடியும் அதேதான். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடக்க வேணாம், ஆட்டோல போங்க" என்றார். அந்தப் பெண் லட்டு டப்பாவை அங்கேயே கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய கணவர் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் பிழைத்தார். ஆறாத புண் இருந்த கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மயக்கத்திலேயே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னதாக, ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வந்து சொன்னார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீ அன்னிக்கு சொன்ன, சரி. ஆனா அந்த மெசேஜ் வர்லேன்னா நான் ரெண்டு மாசம் முன்னாடியே இன்னா ஏதுன்னு கேட்டிருப்பேன்க்கா."

சண்டை போடுகிற குரல் இல்லை அது. சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முதலாளியிடம் சொல்லி, வராதவர்களுக்கு வாழ்த்துப் போவதை நிறுத்தினேன். அதற்கே ஒரு வாரம் வாதாட வேண்டியிருந்தது. இந்த வருடமும் ஜனவரியில் படிக்கட்டு வரை கூட்டம் நின்றது. மாசியில் அடங்கியது. சாப்பாட்டு இடைவேளையில் என் சொந்த போனிலிருந்து, நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். சிலர் தொல்லை என்று கட் செய்கிறார்கள். நேற்று விம்கோ நகரிலிருந்து ஒருவர் எடுத்தார். உடம்பு நல்லா இருக்கா, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு இன்னா? சோம்பேறித்தனம்தான்க்கா" என்று சிரித்தார்.

சரி என்று வைத்துவிட்டு, அடுத்த நம்பரைப் போட்டேன்.