கிரீடம் இருந்த இடம்

“வீலுகிட்ட பொம்பளப் புள்ளைக்கு இன்னாம்மா வேலை? புஸ்தகம் புடிக்கிற கை இதுக்கு ஆவாது. சோத்த வச்சுட்டுக் கெளம்பு.”

கிண்டி தொழிற்பேட்டையில் மாமா வேலை பார்த்த பாலிஷ் பட்டறையின் முதலாளி இப்படிச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. நான் கிளம்பவில்லை. மாமாவின் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒரு துப்பாக்கியின் குழலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் கைக்கு வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி இருந்தோம். வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அப்பா இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ரேஷன் கடை அறிவிப்பு, மாத்திரை அட்டை, மாநகராட்சிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போகும் நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் எனக்கு ஒரு தாசில்தாரின் மிடுக்கு வந்துவிட்டிருந்தது.

அம்மா அடையாறில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் வேலை செய்தாள். அவரை நாங்கள் சார் என்போம். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி தொங்கியது. அது சுடாது. குழலுக்குள் இரும்பை அடைத்துப் பற்றவைத்து, இனிச் சுடாது என்று அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். ஆனால் கடல் காற்றுக்குச் சான்றிதழ் தெரியாதே. வருடத்துக்கு வருடம் இரும்பெல்லாம் செம்மண் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில், தன் தம்பி கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்துவிடுவான் என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி வேண்டாம், பழைய கறுப்பு திரும்பினால் போதும் என்றார் அவர். மரப் பாகத்தைத் தானே கழற்றி வைத்துக்கொண்டு, இரும்பை மட்டும் தருவதாகச் சொன்னார்.

அந்த மே மாதம் எங்களுக்கு இன்னொரு எதிர்பார்ப்பும் இருந்தது. மயிலாப்பூரில் கன்னியர்கள் நடத்தும் பள்ளியில் எனக்கு ஆறாம் வகுப்பில் இடம் வேண்டும். சாருடையது அந்தப் பள்ளியை ஒட்டிய மாதா கோயிலில் பல தலைமுறையாக இருந்துவரும் குடும்பம். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் தலைமைச் சகோதரி தட்டமாட்டார் என்று அம்மா நம்பினாள். துப்பாக்கி திரும்பி வந்ததும் உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில் அன்றுமுதல் துப்பாக்கியும் என் படிப்பும் ஒன்றாகிவிட்டன.

இரும்பை வாங்கப் போன அன்று அம்மா சமையலறையில் இருந்தாள். சார் என்னைக் கூப்பிட்டு, கைப்பிடிப் பக்கம் இருந்த தடித்த வளையத்தைக் காட்டினார். துருவுக்கு நடுவே ஒரு சின்ன கிரீடமும், அதன் கீழே சில ஆங்கில எழுத்துகளும் அச்சுக் குத்தியிருந்தன. இந்த எழுத்துகள்தான் துப்பாக்கிக்கு ஊர், பேர் எல்லாம் என்றார்.

“இது மேல வீல் படக்கூடாது. உங்க மாமாகிட்ட மறக்காம சொல்லிடு.”

நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டு அட்டையைச் சதுரமாக வெட்டி, என் கையெழுத்திலேயே மிகச் சிறந்த கையெழுத்தில், “எழுத்து உள்ள இடத்தில் தேய்க்கக் கூடாது” என்று எழுதினேன். சிவப்புப் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். நூலில் கோர்த்துக் குழலில் கட்டினேன். எழுதிய பிறகு வாயால் வேறு சொல்லுவானேன்? வாயால் சொல்வது படிக்காதவர்கள் செய்கிற காரியம்.

மாமா அட்டையைக் கையில் ஏந்திப் பார்த்தார். “நல்லாக் கீது பாப்பா. அச்சடிச்ச மாதிரி கீது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அவர் இரும்பைப் பாயில் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டி, சான்றிதழின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிண்டிக்குப் போனார்.

அதற்கு அடுத்த நாள் மதியம் சோறு கொண்டு போனேன். பட்டறைக்குள் மெருகேற்றும் வீல் ஓடும்போது வேறு எதுவும் காதில் விழாது. ஆறு பேர் ஆறு வீலின் முன்னால், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, தலைமுதல் கால்வரை கறுப்பாக நின்றிருந்தார்கள். மாமா கடைசி வீலில் இருந்தார். அவர் கையில் துப்பாக்கியின் இரும்பு. வீலில் பட்டுக்கொண்டிருந்தது அந்த வளையம். துருப்பிடித்த மற்ற இரும்புக்கு நடுவே அது மட்டும் வெள்ளித் தட்டு போல மின்னியது.

என் அட்டை சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதே ஆணியில் இன்னும் பத்துப் பதினைந்து அட்டைகள் தொங்கின. பட்டறைக்கு வரும் எல்லா உருப்படியிலும் இன்னாருடையது என்று ஒரு பேர்ச்சீட்டு கட்டியிருக்கும். வேலை தொடங்கும் முன் அதைக் கழற்றி, அழுக்குப் படாமல் ஆணியில் மாட்டுவது அங்கே வழக்கம். மாமா என் அட்டையையும் பத்திரமாக மாட்டியிருந்தார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வீல் நின்றது. மற்ற வீல்களும் ஒவ்வொன்றாக நின்றன. கிரீடம் முழுதாகப் போய்விட்டிருந்தது. கீழே இருந்த எழுத்துகளில் கடைசி இரண்டு மட்டும் நிழலாகத் தெரிந்தன.

“எழுதிக் கட்டியிருந்தேனே மாமா. படிக்கத் தெரியாதா உனக்கு?”

சத்தம் நின்றுபோன பட்டறையில் என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. மாமா மூக்குத் துண்டை அவிழ்த்தார். முகத்தில் துண்டு மறைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. வளையத்தை அதே துண்டால் துடைத்தார். முதலாளிதான் எழுந்து வந்து, நான் முதலில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார். நான் குழலை மாமாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இதைச் சரி செய்யாமல் போவதில்லை என்று சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது.

அடுத்த ஷெட்டில் போல்ட்டு, நட்டுகளுக்குக் கறுப்பு ஏற்றும் வேலை நடந்தது. கொதிக்கும் ரசாயன உப்புக் கரைசலில் இரும்பை முக்கி எடுத்தால் கறுத்துவிடும். அந்த ஷெட்டுக்காரரிடம் போய், இதை முக்கினால் வளையமும் மற்ற இடமும் ஒரே மாதிரி வருமா என்று கேட்டேன். அவர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கறுப்பு பொய் சொல்லாதும்மா. அடியில எப்படிக் கீதோ மேல அப்படித்தான் வரும். இங்க மட்டும் பளபளன்னு நிக்கும்.”

அப்படியானால் மின்னுவதை மங்க வைக்க வேண்டும். கையால், உப்புத்தாள் போட்டு, ஒரே திசையில், மற்ற இரும்பைப் போல ஆகும்வரை தேய்க்க வேண்டும். தினமும் மதியம் சோறு கொண்டு போகும்போது பட்டறையில் தேய்ந்துபோன உப்புத்தாள்களைப் பொறுக்கி வந்தேன். புதுத் தாள் கீறிவிடும் என்று இரண்டாம் நாளே தெரிந்துகொண்டேன். மாமாவோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. “இன்னா மச்சி, நாம மெருகு ஏத்துறோம், உங்க அக்கா பொண்ணு எறக்குது. எதிர்லயே ஒரு பட்டறை போட்டுரும் போலக் கீதே,” என்று ஒருவர் மாமாவைச் சீண்டினார். மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டில் வைத்து ஒன்பது நாள் தேய்த்தேன். மற்ற இடத்தில் இருந்த துருவை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தேன். மிச்சமிருந்த இரண்டு எழுத்துகளின் இடுக்கைத் தீக்குச்சி முனையில் துணி சுற்றித் துடைத்தேன். விரல் நுனியில் தோல் போய் சாம்பார் பட்டாலே எரிந்தது. பட்டறையிலிருந்து திரும்பியதும் மாமா வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். “இங்க இன்னும் மின்னுது பாப்பா,” என்பார். அதற்குமேல் பேசமாட்டார். நானும் மேஸ்திரி கூலியாளிடம் பேசுவது போலத்தான் அவரிடம் பேசினேன். தப்பு அவருடையது, திருத்துவது நான். என் கணக்கு அவ்வளவுதான்.

எழுத்து குத்துகிற உளி தொழிற்பேட்டையில் கிடைக்கும், போன எழுத்துகளைத் திரும்பக் குத்திவிடலாமே என்று கேட்டேன். அந்த ஒன்றில் மட்டும் மாமா அசையவில்லை. “இல்லாத எழுத்த நாம குத்தினா அது கள்ளக் கையெழுத்து மாதிரி. வேணாம்.” படிக்காதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கறுப்பு ஏற்றினார்கள். தொட்டியிலிருந்து வந்தபோது இரும்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. கழுவி, எண்ணெயில் முக்கி எடுத்ததும் கறுப்பு எழும்பி வந்தது. ஆழமான, லேசாக நீலம் ஓடிய கறுப்பு. வளையம் எது, குழல் எது என்று பார்வைக்குப் பிரிக்க முடியவில்லை. கிரீடம் இருந்த இடம் காலத்தில் தானாகத் தேய்ந்துபோனது போலவே இருந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு “ம்” என்றார். அன்று சாயங்காலம் மாமா சீக்கிரம் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் எங்கோ போய்விட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறன்று அம்மாவோடு அடையாறுக்குப் போனேன். சார் பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரும்பை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். வளையத்துக்கு வந்ததும் கிரீடம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

“யார் கையால தேய்ச்சது இது?”

நான்தான் என்றேன். விரல்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய்க் கடிதத்தை எழுதி வந்து கொடுத்தார். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன்.

ஒரு ராணுவக்காரரின் கண்ணுக்கே தெரியாதபடி வேலை செய்தவள் என்ற பெருமையை நான் பன்னிரண்டு வருடம் சுமந்தேன். அந்தப் பெருமைதான் என்னை உலோகவியல் டிப்ளமாவுக்குக் கொண்டுபோனது. இப்போது அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில், பாலிஷ் ஆகி வரும் உருப்படிகளைச் சோதித்துத் தள்ளுவதும் எடுப்பதும் என் வேலை. போன மாதம் ஒருவர் ஒரு தட்டு நிறைய உருப்படிகளைக் கெடுத்துவிட்டார். எழுதி ஒட்டியிருந்தும் இப்படிச் செய்கிறார்களே, எதற்குத்தான் இவர்களை வேலைக்கு வைக்கிறார்கள் என்று வீட்டில் பொரிந்து தள்ளினேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

“உங்க மாமா துப்பாக்கியக் குடுக்கறதுக்கு மொத நாளே போய், எழுத்து தேஞ்சத சார்கிட்ட சொல்லிட்டான்டி. ‘பாப்பா வாயாலயே சொல்லிச்சு, நாந்தான் மறந்துட்டேன், அது படிப்புல கை வச்சிடாதீங்க’ன்னு சொல்லிட்டு வந்தான்.”

பாப்பா வாயால் சொல்லவே இல்லை. சொல்லிடு என்றுதான் சார் சொன்னார். நான் எழுதினேன். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று மாமா சொன்னபோது, அவர் அதைப் படிக்கவில்லை, பார்த்தார் என்பது எனக்குப் புரியவில்லை. தெருவுக்கே காகிதம் படித்துச் சொன்ன எனக்கு, என் வீட்டிலேயே படிக்கத் தெரியாதவர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்த ஒரு நிமிடம் மறந்துபோனதா, அல்லது அவர் தலைகுனிய வேண்டும் என்று எங்கோ ஆசைப்பட்டேனா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மாமாவிடம் இதைப் பற்றிப் பேச இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். பரவாயில்லை. சோதனை மேசையிலிருந்து ஆறு மாதத்துக்கு என்னை பஃபிங் தளத்துக்கு, அதாவது மெருகேற்றும் வீல்களுக்கு, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். டிப்ளமா படித்துவிட்டு யாராவது இதைக் கேட்பார்களா என்று மேலாளர் கேட்டார், கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டில், கெட்டுப்போன தட்டு யாருடையதோ அவருக்கு அடுத்த வீலில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன்.