எலி ரசம்

மாதனூரில் நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்புக்கு நேர் எதிரில்தான் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். காலையில் ஏழரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. காலையில், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வர வேண்டியவர்களுக்காக டிரைவர் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி வைப்பார். இறங்கினால் உட்கார்ந்த இடம் போய்விடும். அதனால் யாரும் இறங்க மாட்டார்கள். என்ன கேட்க வேண்டுமோ அதை ஜன்னலிலிருந்தே கேட்பார்கள். நானும் கடைக்குள்ளிருந்தே கத்திப் பதில் சொல்வேன். மருந்து வேண்டுமென்றால் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள்.

"அக்கா, தலை ஒரு பக்கமா விண்ணு விண்ணுனு தெறிக்குது, இன்னா போடறது?"

"எங்க நாயி புல்லத் தின்னுட்டு வாந்தி எடுக்குதுக்கா. நம்ம மாத்திரையில பாதி குடுக்கலாமா?"

"கோழி ஒரு கண்ணத் தொறக்கவே மாட்டேங்குது. சொட்டு மருந்து உடலாமா?"

ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் அவர்களுக்கு நான்தான், மாமியாருக்கு மூச்சு வாங்கினாலும் நான்தான். நான் படித்தது மருந்தாளுநர் டிப்ளமோ. டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தர் காதிலும் ஏறாது. ஆடு மாடு என்றால் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவேன். அதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. எனக்கு வாய் நீளம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கிண்டல் ஒட்டிக்கொண்டு வரும், பஸ் முழுக்கச் சிரிக்கும், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. காலை டீயை விட அது எனக்கு முக்கியமாகிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு தடவை, ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி வேலையில் சேர்ந்திருந்த பெண்ணுக்காகப் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்: "காய்ச்சல் உட்டுப் போச்சுக்கா, ஆனா இவளுக்கு நாக்கு செத்துப் போச்சு." அன்று கடையில் இருந்த முதலாளி பாய், வாணியம்பாடிக்காரர், உதவி செய்யும் நினைப்பில் அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை உருதுவில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டார். அவள் பதறிப்போய் நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ருசி தெரியவில்லை என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம் என்று புரியவைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. "மிளகு ரசம் வெச்சுக் குடிம்மா, நாக்குக்கு உசிரு வந்துடும்" என்று நான் பின்னாலேயே கத்தினேன். ஒரு வாரத்துக்கு இதே பேச்சாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த அண்ணன் ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். கம்பெனியில் தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். அவரைப் பற்றி பாய் பெருமையாகச் சொல்வார். ஒரு தோலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் இது உண்ணி கடித்த இடம், இது முள்கம்பியில் கிழிந்தது, இந்த மாட்டுக்கு அம்மை வந்து ஆறியிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுவாராம். மனைவி இல்லை. ஒரே மகளைத் திருப்பத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் அவரும் ஒரு பூனையும் மட்டும்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏம்மா, வீட்ல பூன ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடல. மூக்கு ஒழுகுது. மீனு வெச்சாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுது. இன்னா குடுக்கறது?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். நான் மெதுவாகப் பதில் சொல்லியிருக்கலாம். "அதுக்கும் நாக்கு செத்துப் போயிருக்கும்ணா. எலி ரசம் வெச்சுக் குடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்!" என்றேன்.

பஸ்ஸே குலுங்கியது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது என்பதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் செய்யவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் பஸ்ஸில் அவருக்கு எலி ரசம் என்றே பெயராகிவிட்டது. "எலி ரசம்ணா, தள்ளி உக்காருங்க." "எலி ரசம்ணா, இன்னிக்கி இன்னா கொழம்பு?" கேலியில் விஷமம் ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கும் பெண்கள், போகிற வழியில் ஏதோ சிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் ஜன்னல் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டார். நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் நடந்தே கடைக்கு வந்தார். கம்பெனி லீவு, கடையில் வேறு யாரும் இல்லை.

"பேத்தி வந்திருக்குமா. காய்ச்சல் அனலா கொதிக்குது. சொட்டு மருந்து ஏதாவது குடேன்."

"இன்னா வயசுண்ணா?"

"ஆறு மாசம்."

"வெயிட்டு இன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாலு கிலோ இருக்கும்."

நான் பிடித்துக்கொண்டேன். ஆறு மாசக் குழந்தை நாலு கிலோதானா, தாய்ப்பால் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள், இதெல்லாம் நீங்கள் கேட்க மாட்டீர்களா என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பிள்ளையாகத் தலையைக் குனிந்து நின்றார். "நாளைக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேம்மா" என்றார். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்து, எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று அட்டை மேல் பேனாவால் எழுதியும் கொடுத்தேன். குழந்தைக்காக இவ்வளவு அக்கறைப்பட்டோமே என்று அன்றைக்கு எனக்கு என் மேலேயே ஒரு திருப்தி.

மறுநாள் காலை பஸ் வந்து நின்றபோது அவர் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். கையில் பூட்ஸ் வரும் பெரிய அட்டைப் பெட்டி. அதை என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பழைய லுங்கி மேல் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருந்தது. முகம் வீங்கி, கண் பாதி மூடி, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் விரலால் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு டீத்தூள் நிறத்தில் இருந்தது.

"பேத்தி இல்லம்மா. இதுக்குத்தான் வாங்கினேன். மூணு வேள குடுத்தேன்."

மனிதர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அந்த மருந்து பூனைக்கு விஷம் என்பதைப் படித்திருக்கிறேன். பாடத்தில் ஒரே ஒரு வரி. பரீட்சைக்கு அப்புறம் அது எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

பாய் பக்ரீத்துக்கு வாங்கும் ஆடுகளைப் பார்க்க வரும் கால்நடை டாக்டரின் நம்பர் அவரிடம் இருந்தது. உடனே போன் போட்டு என் கையில் கொடுத்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்ட டாக்டர், சளியைக் கரைக்க மனிதர்களுக்குக் கொடுப்போமே, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை, அது கடையில் இருக்கிறதா என்று கேட்டார். "அதான் இதுக்கு முறிவு. எடுத்துக்கிட்டு உடனே ஆம்பூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். சொட்டு மருந்து இருந்த தட்டுக்கு இரண்டு தட்டு மேலேதான் அது இருந்தது.

பாய், "நீ போம்மா, கடைய நான் பாத்துக்கறேன். ரொம்ப பேஜாராப் போச்சு" என்றார். ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. நின்றுகொண்டிருந்தது கம்பெனி பஸ் மட்டும்தான். அத்தனை ஜன்னலும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் முன்படி அருகே போய் நின்று, போகிற வழியில் ஆம்பூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட முடியுமா என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரி உள்ள இருக்குதுக்கா. டவுனுக்குள்ள பூந்து வந்தா லேட்டாயிடும். லேட்டானா எல்லாரையும் கேட்டுலயே நிக்க வெச்சிடுவாங்க" என்று டிரைவர் தயங்கினார்.

முன் சீட்டிலிருந்த பெண், எலி ரசம்ணா என்று முதலில் கூப்பிட ஆரம்பித்தவளே அவள்தான், எழுந்து இடம் விட்டாள். "நிக்க வெச்சா நிக்கிறோம். நீ வண்டிய எடுண்ணா" என்றாள். வேறு யாரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தார். காற்று அடிக்காமல் அவள் தன் துப்பட்டாவை ஜன்னலில் பிடித்துக்கொண்டே வந்தாள். அவர் பெட்டிக்குள் விட்ட கையை ஆம்பூர் வரும் வரை வெளியே எடுக்கவில்லை.

டாக்டர் மாத்திரையைக் கரைத்து அளந்து வாய் வழியாகக் கொடுத்தார், ஊசி போட்டார், காலில் மயிரை மழித்து டிரிப்ஸ் ஏற்றினார். ரத்தமே கெட்டுப்போய்விட்டது, காற்றை எடுத்துப் போக அதனால் முடியவில்லை, ஒரு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார். பிறகு நிமிர்ந்து, "யாரு குடுத்தது இந்த மருந்த?" என்று கேட்டார்.

அண்ணன் எனக்கு முந்திக்கொண்டார். "நான்தான் சார். இந்தம்மா மேல தப்பில்ல. கொழந்தைக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன்."

அவர் ஏன் பொய் சொல்ல வேண்டி வந்தது என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். பூனைக்கு என்று கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன், இங்கே அனுப்பியிருப்பேன், ஆனால் அதற்கு முன்னால் சிரித்திருப்பேன். அதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது ஜன்னலுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிறவள் அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பிழைத்தோம் என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பூனை செத்துப்போனது. அண்ணன் கடைசி வரை அதன் பக்கத்திலேயே இருந்தார் என்று பாய்தான் சொன்னார். நான் பின்னால் ஸ்டாக் ரூமுக்குப் போய் அழுதேன். பாய் வந்து, "அவரு பொய் சொன்னாரு, நீ குடுத்த, உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சமாதானம் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். சரி என்பதால் துக்கம் ஒன்றும் கம்மியாகவில்லை.

பத்து நாள் அவர் கடைப் பக்கம் வரவில்லை. பஸ்ஸில் யாரும் அவரை எலி ரசம் என்று கூப்பிடுவதில்லை என்று அந்த முன் சீட்டுப் பெண் சொன்னாள். ஒரு மத்தியானம், முழங்கால் வலிக்குத் தைலம் வேண்டும் என்று வந்து நின்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போகவில்லை. நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

"அண்ணா, அன்னிக்கி டாக்டர் கேட்டப்போ நான் சொல்லியிருக்கணும். நான் கிண்டல் பண்ணாம இருந்திருந்தா நீங்க பூனைக்குன்னே கேட்டிருப்பீங்க. தப்பு என்மேலதான்ணா. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் தைலப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ எல்லாரையுந்தான் கிண்டல் பண்ற. என்ன இன்னா வேணா சொல்லிட்டுப் போ, நான் சிரிச்சுக்குவேன். அத வெச்சு சிரிச்சப்போ மட்டும் எனக்குத் தாங்கலம்மா. ஏன்னு தெரியல."

பாட்டிலைக் கல்லா மேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. இதே கல்லாவுக்கு முன்னால் ஒரு பொய் என்ன செய்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "கஷ்டமாத்தான்ணா இருந்திருக்கும். மூச்சு வாங்கறது கஷ்டந்தான். ஆனா நீங்க கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்க. அது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"நான் ஊத்த ஊத்த நக்கி நக்கிக் குடிச்சுதும்மா. நான் குடுக்கறேன்னுதான் குடிச்சுது. சாகறப்ப என்ன திட்டியிருக்குமா?"

"இல்லண்ணா" என்றேன். "திட்டறதா இருந்தா அது என்னத்தான் திட்டியிருக்கும்."