கொடியில் ஒரு ஆம்பிளைச் சேட்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டில் ஒரு ஆம்பிளை ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தது நான்தான். ஒன்பது வயதுதான், ஆனால் சந்தேகப்படுவதில் எனக்கு அனுபவம் இருந்தது. அப்பா காணாமற்போய் நெடுநாளாயிற்று. வெள்ளவத்தை வீட்டுக்காரர் எனக்கு பிஸ்கட் தந்து தலையைத் தடவியபடியே, "புது ஆக்களை வைச்சிருந்தா பொலிஸ் பதிவு கரைச்சல் தங்கச்சி, வேற இடம் பாருங்கோ" என்று அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து, அன்பாகக் கதைக்கிற ஒருவரையும் நான் நம்புவதில்லை.

இந்த வீட்டைக் கன்னியாஸ்திரிமார் நடத்தினார்கள். ஒண்ட இடமில்லாமல் தனித்துப்போன தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். வேலையும் ஒரு அறையும் கிடைக்கும்வரை இருக்கலாம். ஆம்பிளை எவனும் உள்ளே வந்தால் அன்றைக்கே எல்லாரும் வெளியே என்று சிஸ்டர் சொல்லியிருந்தா. அப்படியென்றால் ரோட்டுப் பக்கக் கொடியில் நாள்தோறும் காய்கிற ஆம்பிளைச் சேட் யாருடையது?

பக்கத்து அறை அன்ரியைக் கேட்டேன். "உனக்கேன் உந்த விடுப்பு? உன்ர வேலையைப் பார்" என்றா. சந்தேகம் உறுதியாயிற்று. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சிஸ்டரின் அலுமாரிக்குள்கூடத் தேடினேன். அவன் பிடிபட்டால் எங்களுக்கு மறுபடி ரோட்டுத்தான்.

எனக்கு முந்திக்கொண்டு பொலிஸ் செக்கிங் வந்தது. அதிகாரி கொடியைக் காட்டி, "மஹத்தயா கோ?" என்றார். ஐயா எங்கே?

ஒருவரும் இல்லை என்றா சிஸ்டர். பெண்கள் மட்டும் இருக்கிற வீடென்று கள்ளருக்குத் தெரியக்கூடாதென்றுதான் அதைத் தொங்கவிடுகிறார்களாம். கள்ளர் நம்பினார்களோ தெரியாது, பொலிஸ் நன்றாக நம்பிவிட்டது. ஆளைக் காட்டாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவேன் என்றார் அதிகாரி.

அம்மா முன்னே வந்து, தெரிந்த சிங்களத்தில் சொன்னா: "என்ர மனுசன்ர சேட். போட ஆளில்லை. மணந்து பாருங்கோ, ஆம்பிளை வேர்வை மணக்குதோ எண்டு." அப்பா அதைப் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அதிகாரி உண்மையாகவே மணந்தார். கழுத்துப்பட்டி, பிறகு கக்கம். கான்ஸ்டபிளும் மணந்தார். சவர்க்கார வாசம் மட்டுந்தான். ஒருவரும் இல்லையென்று தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

வீடே சிரித்தது. "உன்ர கள்ளன் தப்பிட்டானடி!" என்றா அன்ரி. அம்மா மட்டும் சேட்டோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. விடுவேனா? திறப்பு ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

அம்மா முகத்தைக் கழுத்துப்பட்டியில் புதைத்து மணந்துகொண்டிருந்தா. பிறகு கக்கத்தில். பிறகு மறுபடியும் கழுத்துப்பட்டியில்.

ஒருவரும் இல்லையென்று பொலிஸே சொல்லிவிட்டுப் போன பிறகும் இவ யாரைத் தேடுகிறா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.